பறித்தவர் ஒருவர், கொழுந்து இன்னொருவருக்கு: லொக்கின் கணக்கு

[திரையில்: தேயிலைத் தோட்டத்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), கொழுந்து நிறுக்கும் நேரம்]

பறித்தது அந்தப் பெண்ணின் கை. தராசில் ஏறியதும் கொழுந்து கம்பனிக்கு. அவருக்குப் பேர், அதாவது ஒரு நாள் கூலி; கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. ஒப்பந்தம் அப்படி என்பீர்கள். சரி, உழைப்பை ஆளிடமிருந்து பிரித்து விற்கலாம் என்று எப்படி முடிவானது?

தாராண்மைவாதத்தை (லிபரலிசம்) பாடசாலையில் தேர்தல், உரிமை, சட்டவாட்சி என்று படிக்கிறோம். அதன் முன்னோடியான ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் தொடங்கியது அங்கே அல்ல. 1689இல் வெளிவந்த நூலில், அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வின் 6ஆம் பத்தியைப் பாருங்கள்: மனிதர் கடவுளின் கைவேலை, ஆகவே கடவுளின் உடைமை. தன் உயிரே தன் அதிகாரத்தில் இல்லாதவர், சம்மதித்தாலும் தன்னை அடிமையாக்க முடியாது. இது 23ஆம் பத்தி.

27க்கு வந்தால், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே உடைமை என்கிறார். முரண் மாதிரித் தெரியும். கடவுளுக்கு எதிராக அல்ல, மற்ற மனிதருக்கு எதிராகவே அந்த உரிமை என்று வாசித்தால் பொருந்திவிடும். உடல் என்னுடையது, உழைப்பும் என்னுடையது. பொதுவில் கிடந்த பொருளோடு அது கலந்தால் பொருளும் என்னுடையது. ஒரு நிபந்தனை: மற்றவர்களுக்குப் போதிய அளவும் அதே தரமும் மிஞ்ச வேண்டும்.

[திரையில்: 28ஆம் பத்தி]

பலர் வேகமாகத் தாண்டும் இடம் இது. என் குதிரை மேய்ந்த புல், என் வேலையாள் வெட்டிய புற்கட்டி, நான் தோண்டிய தாது எல்லாம் என் சொத்தாம். வேலையாள் குதிரைக்கும் எசமானுக்கும் நடுவில் நிற்கிறார். ஆளை விற்க முடியாது, அவர் சேவையைக் காலவரையோடு கூலிக்கு விற்கலாம்: 85ஆம் பத்தி அதைச் சொல்லிவிடுகிறது. மடுவத்துத் தராசு இந்தப் பிளவில்தான் நிற்கிறது.

கடவுளை எடுத்துவிட்டால்? ஆளை விற்கக்கூடாது என்பதற்கு வேறு தூண் வேண்டும். 1785இல் ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற் மாண்பை நட்டார்: விலை உள்ளதற்கு மாற்று உண்டு, மாண்புக்கு இல்லை. கூலி எவ்வளவு என்று அதிலிருந்து கணக்கெடுக்க முடியாது.

நிலத்தின் கதை இன்னும் மோசம். பிரித்தானியர் ஆண்ட இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மாறாக நிரூபிக்கும்வரை முடிக்குரியவை, அதாவது அரசுக்குரியவை என்றது. கண்டிப் பகுதிச் சேனைக்கு (காடு வெட்டி மாற்றி மாற்றிப் பயிரிடும் நிலம்) சன்னஸ் என்ற அரச கொடைப் பத்திரம் அல்லது வரி கட்டிய சான்று கேட்டது. லொக்கைப் பார்த்து எழுதியது என்று சொல்ல வரவில்லை. பயிரிடாத நிலம் வீண் என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு; மற்றவர்களுக்கு மிஞ்ச வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை.

உழைப்பைக் கலந்தால் உரிமை என்ற விதியையாவது 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பார்த்ததா? காடழித்துத் தேயிலை நட்ட மலையகத் தமிழ்ப் பரம்பரையிடம் அது கேட்டது, தகப்பனோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கான அத்தாட்சியை.