இரண்டால் பெருக்கினால் சென்னை எங்கே போகும்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு, வரைபடத் தரவுகளைக் கையாளும் டேட்டாபேஸ் கருவியான போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் எஸ்டி_ஸ்கேல், அதாவது வடிவங்களைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் உதவும் ஃபங்ஷன்.

திரையில் இருப்பது சென்னை மாநகராட்சி எல்லை. எக்ஸுக்கு 2, ஒய்க்கு 2 கொடுத்து ஓட்டுகிறேன். எர்ரர் எதுவும் இல்லை. ஆனால் மேப்பில் சென்னையைக் காணோம். ஜூம் அவுட் பண்ணலாம், இன்னும் கொஞ்சம்... அதோ, ஜப்பானுக்குத் தென்கிழக்கே பசிபிக் கடலில் கிடக்கிறது.

இந்த ஃபங்ஷனுக்கு வடிவம், ஊர் எதுவும் தெரியாது. ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் பெருக்கும், அவ்வளவுதான். சென்னையின் தீர்க்கரேகை 80.2, அட்சரேகை 13.1. இரண்டால் பெருக்கினால் 160.4, 26.2. கணக்கு சரிதானே? கினி வளைகுடாவில் இருக்கும் 0,0 புள்ளியில் நின்றுகொண்டு ஊரை இழுத்த மாதிரி.

டிகிரியில் இருப்பதுதான் பிரச்சினை, மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். மாற்றிவிட்டேன், சென்னைப் பகுதிக்கான யூடிஎம் குறியீடு இபிஎஸ்ஜி 32644. ஆனால் இங்கேயும் பெருக்கல் 0,0 புள்ளியிலிருந்துதான். இப்போது பீகாரில் இருக்கிறது. கரை ஏறியதுதான் மிச்சம்.

தீர்வு, எந்தப் புள்ளியை அசையாமல் வைக்க வேண்டும் என்று நாமே சொல்வது. 2.5 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: அப்போது 2, 2 என்று தனித்தனியாகக் கொடுக்க முடியாது. அதையே எஸ்டி_மேக்பாயின்ட்டில் போட்டு ஒரு புள்ளியாகக் கொடுக்க வேண்டும். அடுத்து, அசையாத புள்ளியாக எஸ்டி_சென்ட்ராய்ட், அதாவது வடிவத்தின் பரப்பு மையம். ஓட்டுகிறேன்... சென்னை இருந்த இடத்திலேயே விரிகிறது.

பைத்தானில் ஷேப்லி, ஜியோபாண்டாஸ் என்ற வரைபட லைப்ரரிகளில் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. அங்கே ஒன்றும் சொல்லாவிட்டால் வடிவத்தைச் சுற்றிய பெட்டியின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளும். அது சென்ட்ராய்ட் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம் பரப்பளவு. 426 சதுர கி.மீ. இப்போது சுமார் 1,704. இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. பரப்பு இரட்டிப்பாக வேண்டுமென்றால் 1.414 கொடுங்கள்.

ஏரியைச் சுற்றி 50 மீட்டர் வேண்டும் என்றால் இதைத் தொடாதீர்கள், அது எல்லையைச் சுற்றிலும் ஒரே தூரத்துக்கு விரிக்கும் பஃபரின் வேலை. 2 கி.மீ. நீளம், 500 மீட்டர் அகலமுள்ள ஏரியை 1.1 ஸ்கேல் செய்தால் முனைகளில் 100 மீட்டர் கூடும், பக்கவாட்டில் 25தான்.

எனக்கு இந்த ஃபங்ஷன் அதிகம் உதவுவது கார்டோகிராமில், அதாவது மக்கள்தொகை போன்ற எண்ணுக்கு ஏற்ப இடங்களின் அளவை மாற்றிக் காட்டும் வரைபடத்தில். 1976இல் ஜூடி ஓல்சன் எழுதிய முறை: ஒவ்வொரு மாவட்டமும் தன் சென்ட்ராய்டைச் சுற்றி, மக்கள் அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூல அளவுக்கு மாறும். 2011 கணக்கெடுப்பில் சென்னையின் அடர்த்தி சதுர கி.மீ.க்கு 26,000 பேருக்கு மேல், நீலகிரி 300க்கும் கீழ். சென்னையை 1 என்று வைத்தால் நீலகிரிக்கு 0.1தான் கிடைக்கும், கண்ணுக்கே தெரியாது. அதனால் நான் இரண்டாவது இடத்தில் இருக்கும் கன்னியாகுமரியை 1 என்று வைக்கிறேன். நீலகிரி 0.5 ஆகிவிடும். சென்னை மட்டும் நீள அகலத்தில் சுமார் ஐந்து மடங்கு வீங்கித் திருவள்ளூர் மேல் ஏறி உட்காரும். அதை எஸ்டி_டிரான்ஸ்லேட் போட்டு வங்கக் கடல் பக்கம் தள்ளிவிடுவேன். அங்கே இடம் நிறைய இருக்கிறது.