இரவுக்கு மூன்று வரி

(தருமபுரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி கொண்டுவந்து, பறிப்புக்கூலிகூடக் கட்டுபடியாகாமல் சாலையோரம் கொட்டிவிட்டுத் திரும்பும் உழவரிடம் போய், 'நல்லதையே நினையுங்கள்' என்று சொன்னால், அது அவருடைய இழப்பைக் காணாதவர் சொல்லும் வெறுஞ்சொல். நேர்மறைச் சிந்தனை என்று நான் சொல்வது, துன்பம் கண்ணை நிறைத்து நிற்கும்போதும் அதன் பக்கத்தில் இருக்கும் நல்லது தெரியும்படி மனத்தைப் பழக்குவதை. நம் பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவுக்குச் சிறையில் தொழுநோய் பற்றியது. அதைக் காட்டி ரயிலில் ஏறவிடாமல் தடுத்தபோது அவர் நடந்தே ஊர் ஊராகச் சென்று பேசினார். நோய் இல்லையென்று அவர் நடிக்கவில்லை. கால் இருந்தது, நடந்தார்.

மனம் கெட்டதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பத்துப் பேர் பாராட்டிய நாளிலும், ஒருவர் சொன்ன சுடுசொல்தான் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நல்லதைவிடக் கெட்டதற்கே வலு அதிகம் என்று உளவியல் அறிஞர் ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் விரிவாக எழுதினார்கள். ஆகவே நல்லதைக் காண்பதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

இன்னோர் உளவியல் அறிஞரான மார்ட்டின் செலிக்மனும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் அன்று நடந்த மூன்று நல்லவற்றையும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களிடம் மகிழ்ச்சி கூடியதும் மனச்சோர்வு குறைந்ததும் ஆறு மாதம் வரை தெரிந்தன. இதில் உயிர்நாடி அந்த 'ஏன்' என்பதே என் எண்ணம். 'பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்து தெளிப்பான் கொடுத்தார்' என்று எழுதுகிறோம். ஏன் கொடுத்தார் என்று யோசித்தால், போன ஆண்டு அவருடைய ராகி அறுப்புக்கு நாம் போய் நின்றது நினைவுக்கு வருகிறது. நல்லது வானத்திலிருந்து விழவில்லை, அதில் நம் கையும் இருந்தது என்று அப்போது புரிகிறது. விலை விழுந்த நாளில் ஒருவரைத் தாங்குவது அந்தப் புரிதல்தான்.

இதை அன்றாடப் பழக்கமாக்க, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்: சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தவுடன் நோட்டு. லண்டனில் 96 பேரிடம் செய்த ஓர் ஆய்வில், புதிய செயல் பழக்கமாகப் படிவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை.

என் நோட்டில் ஒன்பது நாள் வெறுமையாக இருக்கிறது. அம்மாவோடு மருத்துவமனையில் இருந்த நாட்கள் அவை. பத்தாம் நாள் ஒரே வரிதான் எழுத முடிந்தது: 'அம்மா இரண்டு வாய் களி சாப்பிட்டார்.' ஏன் என்ற இடத்தில், 'அவரே கேட்டார்' என்று எழுதியிருக்கிறேன்.