அடிபடும் கணத்தில் இடது மணிக்கட்டு

வணக்கம் நேயர்களே. கோல்ஃப் ஸ்விங்கில், அதாவது கிளப் எனப்படும் மட்டையை வீசும்போது, அது பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டும் கையும் எப்படி இருக்க வேண்டும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். வலது கைக்காரர்களை வைத்துத்தான் சொல்லப்போகிறேன், இடது கைக்காரர்கள் அப்படியே மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது சுமார் அரை மில்லிவினாடிதான். கிளப் மேலிருந்து இறங்கி வரவே கால் வினாடிதான் ஆகிறது. அதற்குள் "ஐயோ, மணிக்கட்டு மடிகிறதே" என்று உணர்ந்து திருத்த யாராலும் முடியாது. அதனால் அடிபடும் இடத்தில் கையை ஏதாவது செய்யப் பார்ப்பது வீண்வேலை, அங்கே தெரிவதெல்லாம் அதற்கு முன்னால் நடந்ததன் விளைவு.

புதிதாக ஆடுகிறவர்கள் பந்தை நாம்தான் மேலே தூக்க வேண்டும் என்று நினைத்து, கரண்டியால் குழம்பை அள்ளுவது மாதிரி வலது உள்ளங்கையைக் கீழே கொடுக்கிறார்கள். உடனே இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடிந்து, கிளப் தலை கையை முந்திவிடுகிறது. பந்துக்கு முன்னாலேயே தரை அடிபடும், இல்லையென்றால் பந்தின் தலையில் பட்டு அது உருண்டு ஓடும், நன்றாகப் பட்டாலும் உயரமாகப் போய்ப் பக்கத்திலேயே விழும். 7ஆம் நம்பர் அயர்ன் என்கிற கிளப்பின் முகமே, அதாவது பந்தில் படும் பரப்பே, 30 பாகை அளவுக்குச் சாய்ந்திருக்கிறது, பந்தைத் தூக்குவது அதன் வேலை, உங்கள் வேலை இல்லை.

நல்ல ஆட்டக்காரர்களிடம் பாருங்கள், இடது புறங்கை முன்னங்கையோடு ஒரே கோட்டில் இருக்கும், அல்லது உள்ளங்கைப் பக்கம் லேசாக வளைந்திருக்கும். வலது மணிக்கட்டு இன்னும் பின்னால் மடிந்தபடியே இருக்கும். கைகள் பந்தைத் தாண்டி இலக்குப் பக்கம் வந்திருக்கும். முதலில் பந்து, அப்புறம்தான் புல் பெயரும்.

அந்தக் கால அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆரம்ப காலத்தில் ஹூக், அதாவது பந்து இடதுபுறமாக வளைந்து போவது, அவரைப் படாதபாடு படுத்தியது. 1955இல் லைஃப் பத்திரிகையில் தன் ரகசியத்தை வெளியிட்டார்: ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக மடிப்பது. அப்படி மடித்தால் கிளப் முகம் திறக்கும், அதாவது வலதுபுறம் திரும்பும், ஹூக் குறையும். ஆனால் அதே மனிதர் 1957இல், அடிபடும்போது இடது மணிக்கட்டு எலும்பு இலக்கை நோக்கிப் புடைத்திருக்க வேண்டும் என்று எழுதினார். இந்தக் கால அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன் இதற்கு நேரெதிர், உச்சியிலேயே மணிக்கட்டை உள்ளே வளைத்துவிடுவார். அது முகத்தை மூடும், அதாவது இடதுபுறம் திருப்பும், அதற்கு ஈடாக உடம்பை வேகமாகத் திருப்புகிறார். அந்தத் திருப்பம் இல்லாமல் அவரைப் பார்த்துக் காப்பியடித்தால் பந்து இடதுபுறப் புதருக்குள்தான் போகும்.

இன்னொன்று, உங்கள் கிரிப்பையும் பாருங்கள். இடது கையில் மூன்று நான்கு விரல் முட்டிகள் தெரியும்படி பிடிப்பவருக்கு மணிக்கட்டு புறங்கைப் பக்கம் கொஞ்சம் மடிந்திருந்தால்தான் முகம் நேராக வரும். அவரிடம் போய் "தட்டையாக வை" என்று சொல்வது தப்பான யோசனை.

பயிற்சிக்குக் கைக்கடிகாரப் பட்டைக்குள் ஆறு அங்குல ஸ்கேலைச் செருகிப் புறங்கை மேல் படிய விடுங்கள். இடுப்பளவு எடுத்து இடுப்பளவு முடியும் சின்ன ஸ்விங் போதும். அள்ளினால் ஸ்கேல் புறங்கையில் குத்தும்.

தொலைதூரம் அடிக்கும் டிரைவர் என்கிற கிளப்புக்கு மட்டும் இதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். பந்து டீ என்கிற சின்னக் குச்சி மேல் உயரமாக, இடது குதிகாலுக்கு நேராக இருப்பதால் கைகளை அவ்வளவு முன்னால் தள்ள வேண்டியதில்லை.