நோகாம நொங்கு தின்னா சாம்பியனா? காலேஜ் ஃபுட்பால் ஷெட்யூல் சண்டை

வணக்கம் மக்களே! இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடறேன். அமெரிக்க காலேஜ் ஃபுட்பால். கையில தூக்கிட்டு ஓடுறாங்களே, அந்த ஃபுட்பால். 2025 சீசன்ல டெக்சஸ் டீம் 9 ஜெயிச்சு 3 தோத்து, பிளேஆஃப் வாசல்லயே நின்னுடுச்சு. அவங்க முதல் மேட்ச் யாரோட தெரியுமா? ஒஹாயோ ஸ்டேட். முந்தின சீசன் சாம்பியன். அதுவும் கொலம்பஸ்ல, அவங்க மைதானத்துலயே. 14-7ன்னு தோத்தாங்க. அந்த மேட்சே வேணாம்னு சொல்லிட்டு, ஒரு சப்பை டீமைத் தங்க ஊரான ஆஸ்டினுக்குக் கூப்பிட்டு அடிச்சு அனுப்பியிருந்தா கணக்கு 10-2 ஆயிருக்கும். 10-2ன்னா பேச்சே வேற. கோச் ஸ்டீவ் சார்கீசியனும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்.

இதுல டெக்சஸ் ரசிகர்கள் மெதுவா மறைக்கிற ஒண்ணு இருக்கு. அதே சீசன்ல ஃப்ளோரிடாகிட்டயும் 29-21ன்னு தோத்தாங்க. ஃப்ளோரிடா அந்த வருஷம் 4-8. அதை நீங்க ஜெயிச்சிருந்தா யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலைமையே வந்திருக்காது சாமி. ஆனா சார்கீசியன் கேட்ட கேள்வி இருக்கே, அது நியாயமான கேள்வி. பெரிய டீமோட மோதித் தோக்குறதுக்கு தண்டனை உண்டு. மோதாமலே ஒதுங்குறவனுக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் எவன் மோதுவான்?

புதுசா பார்க்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம். மேல்மட்டத்துல மட்டும் 2025ல 136 டீம் இருந்துச்சு. ஒவ்வொரு டீமுக்கும் சீசன்ல 12 மேட்ச்தான். எல்லாரும் எல்லாரோடயும் ஆட வழியே இல்ல. நம்ம ஐபிஎல்லையே எடுத்துக்கோங்க, 10 டீம்தான், 14 மேட்ச். அதுலயே அஞ்சு டீமோட ரெண்டு தடவை, நாலு டீமோட ஒரு தடவைன்னு வருது, "எங்களுக்கு மட்டும் கஷ்டமான குரூப்"னு வருஷா வருஷம் புலம்பல் கேக்குறோம். இங்க 136 டீம்!

அதனால கான்ஃபரன்ஸ்னு பிரிச்சு வச்சிருக்காங்க. எட்டு, ஒன்பது மேட்ச் உங்க கான்ஃபரன்ஸுக்குள்ள. அதை கான்ஃபரன்ஸ் போட்டுக் கொடுக்கும். மீதி மூணு நாலு மேட்ச் உங்க காலேஜே பேசி முடிச்சுக்கணும். அங்கதான் விளையாட்டே இருக்கு.

பெரிய காலேஜுக்கு சொந்த ஊர்ல ஒரு மேட்ச் நடந்தா டிக்கெட், பார்க்கிங், சாப்பாடுன்னு காசு கொட்டும். அதனால சின்ன காலேஜைக் காசு கொடுத்து வரவழைப்பாங்க. வா, அடி வாங்கு, செக்கை வாங்கிட்டுப் போ. சின்ன காலேஜுக்கும் அந்தப் பணத்துலதான் பல வண்டி ஓடுது, அதனால அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். சில நேரம் இது திருப்பிக் கடிக்கும். 2007ல மிஷிகன் அப்படித்தான் அப்பலாச்சியன் ஸ்டேட்டை வரவழைச்சாங்க. மிஷிகன் அப்போ ரேங்கிங்ல 5ஆவது இடம். 34-32ன்னு சொந்த மைதானத்துலயே தோத்துட்டு முழிச்சாங்க. 2024ல நோட்ர டாமும் இதே மாதிரி நார்தர்ன் இலினாய்கிட்ட 16-14ன்னு மாட்டினாங்க. ஆனா இதெல்லாம் அபூர்வம். பெரும்பாலும் அலபாமா 2025 நவம்பர்ல ஈஸ்டர்ன் இலினாயை 56-0ன்னு அடிச்ச மாதிரிதான் முடியும். சீசனோட கடைசிக் கட்டத்துல, பரம எதிரியோட மோதறதுக்கு முந்தின வாரம், இப்படி ஒரு மேட்ச். லீவுக்கு லீவும் ஆச்சு, கணக்குல ஒரு வெற்றியும் ஆச்சு.

சரி, இண்டியானாவுக்கு வருவோம். இந்த வீடியோ போடறதுக்கே காரணம் அவங்கதான்.

இண்டியானா காலங்காலமா தோத்துப் பழகின டீம். 2024ல கர்ட் சிக்னெட்டி கோச்சா வந்தார், முதல் வருஷமே 11-1. உடனே எல்லாரும் என்ன சொன்னாங்க? "யாரை ஜெயிச்சீங்க?" அந்த வருஷம் லூயிவில்லோட ஆட வேண்டிய மேட்சை அவங்களே விலக்கிட்டாங்க. கான்ஃபரன்ஸுக்கு வெளியே ஆடினது எஃப்ஐயூ, வெஸ்டர்ன் இலினாய், ஷார்லட். கான்ஃபரன்ஸுக்குள்ள ஆரெகனும் பென் ஸ்டேட்டும் அவங்க பக்கமே வரல. இருந்த ஒரே பெரிய மேட்ச் ஒஹாயோ ஸ்டேட், அதுல 38-15ன்னு தோல்வி. அப்புறம் பிளேஆஃப்ல நோட்ர டாம்கிட்ட 27-17. "பார்த்தியா, நோகாம நொங்கு தின்னவங்க"ன்னு ஊரே சிரிச்சுது.

இங்க கொஞ்சம் நில்லுங்க. அதே இண்டியானா ஷெட்யூல்ல மிஷிகன் இருந்தாங்க, வாஷிங்டன் இருந்தாங்க. யாரு இவங்க? 2023 சீசனோட தேசிய இறுதிப் போட்டியில மோதின அதே ரெண்டு டீம்! சீசன் ஆரம்பிக்கும்போது இந்த ஷெட்யூலைப் பார்த்தா "ஐயோ பாவம் இண்டியானா"ன்னுதான் சொல்லியிருப்பீங்க. ரெண்டு பேரையுமே ஜெயிச்சாங்க. ஆனா கோச் மாறி, ஆட்டக்காரங்க கிளம்பிப் போயி, ரெண்டு டீமும் அந்த வருஷம் சரிஞ்சுடுச்சு. அதுவரைக்கும் மலையா தெரிஞ்ச மேட்ச், நவம்பர் முடியறதுக்குள்ள "சப்பை மேட்ச்" ஆயிடுச்சு. இதுல இண்டியானா பண்ணின தப்பு என்ன?

2025ல என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். மறுபடியும் ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட்னு மூணு லேசான மேட்ச். இதைப் பத்தி சீசனுக்கு முன்னாடி கேட்டதுக்கு, "எஸ்இசிக்காரங்க ஷெட்யூல் போடற பாணியை நாங்களும் எடுத்துக்கிட்டோம்"ங்கிற மாதிரி சிக்னெட்டி குத்தினார் பாருங்க. (எஸ்இசின்னா அலபாமா, டெக்சஸ் எல்லாம் இருக்கிற பெரிய கான்ஃபரன்ஸ்.) அந்த நக்கலுக்கே ஒரு கப் கொடுக்கலாம். அப்புறம் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10, அலபாமாவை 38-3, ஆரெகனை 56-22, கடைசியில மயாமியை 27-21. 16-0, சாம்பியன். லேசான ஷெட்யூல் ஆடினதால அது லேசான டீம் ஆயிடல.

சின்ன கான்ஃபரன்ஸ் டீம்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் கொடுமை. 2010ல டிசியூவும் பாய்சி ஸ்டேட்டும் தோக்காம போயிட்டிருந்தப்போ, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவர் கார்டன் கீ, நாங்க ஒண்ணும் ஏழைகளுக்குச் சேவை பண்ற கன்னியாஸ்திரிகளோட ஆடலைன்னு கேலி பண்ணினார். அந்த சீசன்ல ஒஹாயோ ஸ்டேட்டை 31-18ன்னு ஜெயிச்சது விஸ்கான்சின். அந்த விஸ்கான்சினை, சீசன் முடிவுல நடக்கிற ரோஸ் போல் மேட்ச்ல 21-19ன்னு ஜெயிச்சது யாரு? டிசியூ! அதுக்கப்புறம் கீ ஐயா வாயைத் திறக்க வழியே இல்ல. 2017ல யூசிஎஃப் கதையும் இதேதான். தோக்காத டீமுக்கு, பிளேஆஃப் டீம்களைத் தேர்ந்தெடுக்கிற கமிட்டி 12ஆவது இடம் கொடுத்துச்சு. அவங்க போய் ஆபர்னை 34-27ன்னு அடிச்சாங்க. இறுதிப் போட்டிக்குப் போன அலபாமா, ஜார்ஜியா ரெண்டையும் அதே சீசன்ல ஜெயிச்ச ஆபர்ன்! இந்த மாதிரி டீம்களைப் பார்த்து "பெரிய டீமோட ஆடுங்களேன்"னு சொல்றது சுலபம். பெரிய டீம் வர ஒத்துக்கணுமே? தோத்தா அவமானம், ஜெயிச்சா ஒரு பேரும் இல்ல. காலேஜோட விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கிற எந்த அத்லெடிக் டைரக்டர் கையெழுத்துப் போடுவார்?

"கம்ப்யூட்டர் வச்சு கஷ்டத்தை அளக்கலாமே"ன்னு கேப்பீங்க. அளந்து பார்த்தாச்சு. பிளேஆஃப் வர்றதுக்கு முன்னாடி, இறுதிப் போட்டிக்கு ரெண்டு டீமைத் தேர்ந்தெடுத்த பழைய பிசிஎஸ் முறையில, 2003 வரைக்கும், ஷெட்யூல் கஷ்டத்துக்குன்னே தனி மார்க் இருந்துச்சு. உங்க எதிரணிகளோட வெற்றி தோல்விக்கு மூணுல ரெண்டு பங்கு, அந்த எதிரணிகளோட எதிரணிகளுக்கு ஒரு பங்கு. 2004ல அதைத் தூக்கிட்டாங்க. இப்போ நிறைய பேர் பார்க்கிறது வேற கணக்கு. ஒரு சராசரி டாப் 25 டீமை எடுத்து, உங்க ஷெட்யூலை அப்படியே ஆட விட்டா, நீங்க எடுத்த ரிசல்ட்டை அது எடுக்க எவ்வளவு வாய்ப்பு? எனக்கு இது பிடிச்சிருக்கு. ஒஹாயோ ஸ்டேட் ஊர்ல போய்த் தோத்தா இதுல கொஞ்சம்தான் அடிபடும், 4-8 டீம்கிட்ட தோத்தா நல்லா அடிபடும். 2025லருந்து கமிட்டியும் இதே போக்குல ஒரு அளவைப் பார்க்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா கடைசியில முடிவெடுக்கறது ஒரு அறைக்குள்ள உக்காந்திருக்கிற மனுஷங்கதானே. அவங்க கண்ணு முதல்ல போறது தோல்விக் கணக்குக்குத்தான்.

எஸ்இசி 2026லருந்து கான்ஃபரன்ஸ் மேட்சை எட்டுலருந்து ஒன்பதாக்குது. நல்லதுதான், ஒரு சப்பை மேட்ச் குறையும். ஆனா ஒன்பது ஒற்றைப்படை எண், பாதி டீமுக்கு அஞ்சு மேட்ச் வெளியூர்ல வரும், பாதி டீமுக்கு நாலுதான். அடுத்த சண்டைக்கு இப்பவே துண்டு போட்டாச்சு.

என்கிட்ட கேட்டா, கோளாறு எங்க இருக்குன்னா, பல வருஷத்துக்கு முன்னாடியே ஒப்பந்தம் போடறதுலதான். எட்டு வருஷம் கழிச்சு எந்த டீம் பலமா இருக்கும்னு எந்த ஜோசியருக்குத் தெரியும்? பிஒய்யூ 1984ல 13-0 போய் சாம்பியன் ஆனாங்க. முதல் மேட்ச்ல 3ஆவது ரேங்க் பிட்ஸ்பர்கை அவங்க ஊர்லயே 20-14ன்னு ஜெயிச்சாங்க, பெரிய சம்பவம். பிட்ஸ்பர்க் அந்த சீசனை 3 வெற்றி, 7 தோல்வி, 1 டிரான்னு முடிச்சாங்க. அந்த வெற்றியோட மதிப்பே போச்சு. இன்னைக்கும் "யாரையும் ஜெயிக்காத சாம்பியன்"னு அவங்களைக் கிண்டல் பண்றாங்க.

அதே பிஒய்யூ, 2020. கொரோனா சீசன். கோஸ்டல் கரோலினாவோட ஆட வேண்டிய லிபர்ட்டி டீம் கடைசி நேரத்துல விலகிடுச்சு. கோஸ்டல் அப்போ 9-0. பிஒய்யூவும் 9-0. வியாழக்கிழமை பேசி முடிச்சாங்க, சனிக்கிழமை மேட்ச்! யூட்டாவுலருந்து சவுத் கரோலினாவுக்கு நாட்டோட அந்தக் கோடிக்குப் பறந்து போய் ஆடினாங்க. 22-17, கோஸ்டல் ஜெயிச்சுது. கடைசிப் பந்துல பிஒய்யூ ஆள் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னாடி மடக்கப்பட்டார். எனக்குத் தெரிஞ்சு சமீபத்துல வந்த நல்ல மேட்ச்களுக்குள்ள ஒண்ணு அது. எந்த அத்லெடிக் டைரக்டரும் எட்டு வருஷம் முன்னாடி திட்டம் போட்டு உருவாக்கினது இல்ல.

அதனால நான் கேக்குறது ஒண்ணுதான். நவம்பர்ல ஒரே ஒரு சனிக்கிழமையைக் காலியா விடுங்க. அந்த வருஷம் யார் எந்த நிலைமையில இருக்காங்களோ, அதைப் பார்த்து அக்டோபர் கடைசியில ஜோடி போடுங்க. இண்டியானாவை யாரும் நம்பலையா, டெக்சஸோட விடுங்க. தோக்காத சின்ன டீம் இருக்கா, அலபாமாவுக்கு அந்த ஈஸ்டர்ன் இலினாய் மேட்சுக்குப் பதிலா அவங்களை அனுப்புங்க. டிக்கெட் விக்கணும், ஹோட்டல் புக் பண்ணணும், டிவிக்காரனுக்குச் சொல்லணும்னு ஆயிரம் சாக்கு வரும். கோஸ்டல் கரோலினாகாரங்களுக்கு ரெண்டு நாள் போதுமானதா இருந்துச்சு.