ஒற்றைப் பத்தியில் முடிந்த வெள்ளம்

நேயர்களுக்கு வணக்கம்.

2015 நவம்பர் 9ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் கொட்டித் தீர்த்த மழை பலருக்கு நினைவிருக்கும். நெய்வேலியில் மட்டும் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் பெரியகாட்டுப்பாளையம் என்றொரு ஊர். அங்கே திடீரென்று வந்த வெள்ளத்தில் பத்துப் பேர் இறந்துபோனார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். இறந்தவர்களின் பெயர், வயது, யாருக்கு யார் என்ன உறவு என்று நோட்டில் எழுதிக்கொண்டு, ஒரு டீக்கடை வாசலில் ஒதுங்கி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். செய்திகளைப் பார்த்துப் பக்கத்தில் போடும் டெஸ்கில் இருந்தவர், "மொத்தம் எத்தனை?" என்றார். பத்து என்றேன். "படம் இருக்கா?" இருக்கிறது, இடிந்த வீடும் சேறும் என்றேன். "சேறுதானா... சரி, அனுப்புங்க, பார்ப்போம்" என்றார். மறுநாள் ஒரே ஒரு பத்தி அகலத்தில் செய்தி வந்தது. பத்து என்ற எண் இருந்தது. நான் அனுப்பிய பெயர்களில் ஒன்றுகூட இல்லை.

மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 1ஆம் தேதி இரவு, சென்னை மூழ்கியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் மழைநீரும் சேர்ந்து அடையாற்றில் வந்தன. விமான நிலையத்தை மூடினார்கள். 1878 முதல் வந்துகொண்டிருந்த தி இந்து ஆங்கில நாளிதழ் அடுத்த நாள் அச்சாகவில்லை. ஊழியர்களால் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. சென்னை வெள்ளம் உலகச் செய்தியாக ஆனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆக வேண்டிய செய்திதான் அது. அங்கேயும் உயிர்கள் போயின. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த முறை தண்ணீர் வந்தது செய்தி எழுதுகிறவரின் சொந்த வீட்டுக்குள். ஆசிரியரின் கார், அறிவிப்பாளரின் அம்மா இருக்கும் அடுக்ககம், விளம்பரம் தருகிறவரின் கிடங்கு எல்லாம் தண்ணீரில் நின்றன. பெரியகாட்டுப்பாளையத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

இழப்பை எப்படிக் கணக்குப் பண்ணுகிறோம் என்பதும் இதில் இருக்கிறது. நகரத்தில் வெள்ளம் வந்தால் ஒரு வாரத்தில் கோடிக்கணக்கில் ஒரு தொகை வந்துவிடும். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் சொல்லும், தொழில் சங்கங்கள் சொல்லும். அந்தத் தொகைதான் தலைப்பு. கீற்றுக் கொட்டகைக்கு ஏது இன்சூரன்ஸ்? அதற்கு யாரும் தொகை சொல்வதில்லை. மிதக்கிற கார் நல்ல படம். கரைந்துபோன மண்சுவர் படத்தில் ஒரு மேடு மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

அந்த நவம்பரில் குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். ஊர் மேட்டில் இருந்தது, காலனி பள்ளத்தில். நம் மாவட்டங்களில் பெரும்பாலும் அப்படித்தான், அதனால் தண்ணீர் முதலில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு அக்கா மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார். ஈர விறகு, ஒரே புகை. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. ஏதோ சமைக்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், ரேஷன் கார்டின் தாள்களை ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மேலே பிடித்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஸ்மார்ட் கார்டு வரவில்லை, புத்தகமும் உள்தாளும்தான். ஒட்டிப்போன தாளை நகத்தால் பிரித்து, மை கலையாமல் உலர்த்த வேண்டும். "இது போச்சுன்னா நிவாரணமும் போச்சு தம்பி" என்றார். அவர் வீட்டில் மிஞ்சியவை அந்தக் கார்டும், பொண்ணுடைய பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டும், தோசைக்கல்லும்தான். அந்தச் செய்தியையும் எழுதி அனுப்பினேன். அது வரவே இல்லை.

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஐசென்சி, ஸ்ட்ரோம்பெர்க் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1968 முதல் 2002 வரை உலகத்தில் நடந்த சுமார் 5,000 பேரிடர்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிகள் எதைச் சொல்லின, எதை விட்டன என்று பார்த்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் நடக்கும் பேரிடருக்குக் கிடைக்கிற அளவு செய்தி ஆப்பிரிக்காவில் நடப்பதற்குக் கிடைக்க வேண்டுமானால், அங்கே 40 மடங்கு பேர் சாக வேண்டும் என்று தெரியவந்தது. அதைவிடக் கொடுமை அடுத்தது: செய்தியில் வராத பேரிடருக்கு அமெரிக்க அரசின் உதவியும் குறைந்தது. ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் செய்தி நேரத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்; அப்போது நிலநடுக்கம் வந்தால், அந்த ஊர் மக்களுக்கு அது இரண்டாவது கேடு. இதைப் படித்தபோது எனக்கு 'தானே' என்று பெயரிட்ட புயல் நினைவுக்கு வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்து, பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அடுத்த நாள் இரவு புத்தாண்டுக் கொண்டாட்டம்.

2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் ஹார்வி புயலில் மூழ்கியது. டெக்சாஸில் வெள்ளத்திலும் புயலிலும் நேரடியாக இறந்தவர்கள் 68 பேர். அதே ஆண்டு இங்கே பெய்த பருவமழையில் பீகார், அசாம், நேபாளம், வங்கதேசம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; நான்கு கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த வாரம் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளிலேயே எந்த ஊரை அதிகம் பார்த்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. செல்போன் கோபுரங்களும் போயின. சென்னை வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்றவர் தானே வீடியோ எடுத்து அனுப்பினார். படகு எங்கே வேண்டும் என்று ட்விட்டரில் தெரு பெயரோடு எழுதினார். பாதிக்கப்பட்டவரே நிருபர். டெல்டா கிராமத்துக்காரரிடமும் போன் இருந்தது, சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை. எங்கிருந்து படம் வரவில்லையோ அங்கேதான் சேதம் அதிகம் என்று டெஸ்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்ற வேண்டாமா? அமைதியாக இருக்கிறது, அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நிவாரண லாரிகள் பெரிய சாலையை ஒட்டிய ஊர்களோடு நின்றுவிட, உள்ளே இருந்தவர்கள் சாலைக்கு வந்து மறியல் செய்தார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. உடனே கேமரா வந்தது. ஆனால் அன்றைக்குச் செய்தி எரிந்த ஜீப்தான். குடிக்கத் தண்ணீர் இல்லாதது இரண்டாம் பட்சம். ஏழை கையேந்தினாலும் கல்லெறிந்தாலும்தான் திரையில் தெரிவார் என்ற நிலைமையை நாம்தான் உண்டாக்கினோம். நாம் என்று என்னையும் சேர்த்தே சொல்கிறேன். மறியல் படம் கேட்டபோது நானும் ஓடியிருக்கிறேன்.

விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. அந்த எண்ணை எல்லாரும் போட்டோம். நாட்டுத் தென்னை ஒன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், அதுவரை அந்தக் குடும்பம் எதை விற்றுச் சாப்பிடும் என்ற கணக்கை எத்தனை பேர் போட்டோம்?

செய்தி ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கஜாவுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் நட்ட கன்றுகளுக்கு இப்போது காய்க்கும் வயது. ஒரு நிருபரையும் ஒரு கேமராவையும் அங்கே அனுப்புங்கள். தோப்புக்காரர்களோடு நிற்காமல், அந்தத் தோப்புகளில் தேங்காய் உரித்தும் மட்டை முடைந்தும் பிழைத்தவர்கள் இப்போது எந்த ஊரில் என்ன வேலை செய்கிறார்கள் என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் பெயரையும் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.