கொக்கின் வயிறும் ட்ரோனின் வயிறும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

அல்சூர் ஏரிப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். ஜனவரி மாதம், வானம் நல்ல நீலமாக இருக்கும் நேரத்தில் தலைக்கு மேலே ஒரு கொக்கு போனால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதே கொக்கு ஆகஸ்டில், இந்தப் பெங்களூர் மேகமூட்டத்தில் போனால் சாம்பல் பூசினாற்போல இருக்கும். சில சமயம் காக்கையோ என்றுகூடத் தோன்றும்.

ஏன் அப்படி என்று நான் யோசிக்க ஆரம்பித்ததற்கு ஒரு ட்ரோன்தான் காரணம்.

நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஓசூர் சாலையில் ஊரைத் தாண்டி இருக்கும் ஓர் ஏரியில் வருடாவருடம் பறவைகளைக் கணக்கெடுக்கிறோம். ஏரியின் நடுவே ஒரு திட்டு. அதில் உள்ள கருவேல மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். கரையிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் முன்வரிசைக் கூடுகள்தான் தெரியும். பின்னால் இருப்பதை எண்ண வழியில்லை. அதனால் முறைப்படி அனுமதி வாங்கி, ஒரு சின்ன ட்ரோனை மேலே அனுப்பினோம். அடர்ந்த சாம்பல் நிற ட்ரோன். திட்டுக்கு நேர் மேலே நிறுத்தி, மெதுவாகக் கீழே இறக்கினோம். மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் எழும்பிவிட்டது. கூடுகளில் இறகு முளைக்காத குஞ்சுகள். தாய்ப் பறவைகள் எல்லாம் திரும்பி வந்து உட்காரப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் எங்களில் யாரும் பேசவில்லை.

சரி, ட்ரோன் கண்ணில் படாதபடி செய்துவிட்டால் பறவை பயப்படாது அல்லவா என்று நினைத்தோம். என்ன நிறம் அடிக்கலாம்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: வான நீலம். எஸ்.ஜே.பி. சாலைக்குப் போய் வான நீலத்தில் ஒரு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா வாங்கி வந்தேன். ஆனால் அடிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாதிக்குச் சிவப்பு ஓடு பதித்திருக்கிறது. மறுபாதிக்குச் சூடு இறங்காமல் இருக்க வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறோம். உள்ளங்கை அகலத்தில் நான்கு அட்டைகள் வெட்டி, வெள்ளை, வான நீலம், சாம்பல், கருப்பு என்று வண்ணம் பூசி, ஒரு மூங்கில் கழியில் தொங்கவிட்டேன். ஆகஸ்ட் மாதம், மேகம் மூடிய பகல். என் அக்கா மகன் சிவப்பு ஓட்டின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டான். கழியை அவனுக்கு மேலே நீட்டினேன்.

"மாமா, எல்லாமே கருப்பாத்தான் இருக்கு. வெள்ளை மட்டும் கொஞ்சம் பரவாயில்லை" என்றான்.

நானும் படுத்துப் பார்த்தேன். உண்மைதான். வான நீலம் எது, சாம்பல் எது என்று கண்டுபிடிக்கவே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. அப்புறம் கழியை வெள்ளை அடித்த பக்கத்துக்கு நகர்த்தினோம். யாரோ விளக்குப் போட்டதுபோல வெள்ளை அட்டை அப்படியே வெளுத்துவிட்டது. மேகத்தோடு ஒட்டிக்கொண்டது என்றே சொல்லலாம். அதன் ஓரத்தைத் தேட வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். மேலே பறக்கும் பொருளின் வயிற்றுப் பக்கத்துக்கு வானத்தின் வெளிச்சம் நேராக விழுவதில்லை. தரையில் பட்டுத் திரும்பி மேலே போகும் வெளிச்சம் மட்டும்தான் அதற்குக் கிடைக்கிறது. புல்தரை, தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். தார் ரோடு அதைவிடக் குறைவு. ஏரித் தண்ணீர் இன்னும் மோசம், பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆக, மேகமூட்டமான நாளில் புல்வெளிக்கு மேலே பறக்கும் ட்ரோனின் அடிப்பக்கம் சுத்த வெள்ளையாக இருந்தாலும், பின்னால் உள்ள வானத்தின் பிரகாசத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்கு வராது. அதில் நீல பெயிண்டை அடித்தால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடும். பளிச்சென்ற வெயிலில், ஆழ்ந்த நீல வானத்தில் கதை வேறு. அப்போது தரையும் வெயிலில் பிரகாசமாக இருக்கும், வானமும் மேகத்தைப்போலக் கண்ணைக் கூசாது. அதனால்தான் ஜனவரிக் கொக்கு வெள்ளையாகவும் ஆகஸ்ட் கொக்கு கருப்பாகவும் தெரிகின்றன.

இதை எங்களுக்கு ரொம்ப முன்னாலேயே ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். 1940இல், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மண்ட் காட்ஃப்ரே பர், தரையிறங்க வந்த ஒரு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி மூடிய நிலத்தின் மேலே வந்தபோது அது சட்டென்று கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. கீழே கிடந்த பனி, புதுப்பனியென்றால் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அடிக்கும். அந்த வெளிச்சம் விமானத்தின் வயிற்றை வானத்தோடு சமமாக்கிவிட்டது. எங்கள் மாடியில் வெள்ளை பெயிண்ட் செய்த வேலையை அங்கே பனி செய்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பர் அந்த யோசனையைக் கப்பல்களுக்குக் கொண்டுபோனார். கப்பலின் பக்கவாட்டில் விளக்குகள் பொருத்தி, இரவு வானத்தின் மங்கல் வெளிச்சத்துக்குச் சமமாக எரியவிட்டார்கள். அமெரிக்கக் கடற்படை இதே வழியை விமானத்தில் முயன்றது. அவெஞ்சர் என்ற விமானத்தின் முன்புறத்தில் வரிசையாக விளக்கு வைத்தார்கள். விளக்கில்லாத விமானம் சுமார் 19 கிலோமீட்டரிலேயே கண்ணில் பட்டது. விளக்கு எரிந்தபோது 3 கிலோமீட்டருக்குள் வரும்வரை தெரியவில்லை. பெயிண்டால் முடியாததை விளக்கு சாதித்தது. ரேடார் பரவியபின் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு செய்தியும் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படை, தன் பயிற்சி விமானங்கள் மற்ற விமானிகளின் கண்ணில் நன்றாகப் பட வேண்டும் என்று சோதனை செய்து, கடைசியில் அவற்றுக்குப் பளபளப்பான கருப்பு அடித்தது. வானத்தில் நன்றாகத் தெரியும் நிறம் கருப்புதான். இரவுக்கு ஏற்ற நிறம் என்று நாம் நினைப்பது பகலில் ஊருக்கே அறிவித்துவிடும். எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: தேஜஸ் போர் விமானம் வெளிர் சாம்பலில் வந்து போகும், சூர்யகிரண் சாகசக் குழு சிவப்பும் வெள்ளையுமாக வரும். ஒன்று கண்ணில் படாமல் இருக்க, மற்றது எல்லோரும் பார்க்க.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ட்ரோனின் அடிப்பக்கத்துக்கும், விசிறிகளைத் தாங்கும் கைகளின் கீழ்ப்புறத்துக்கும் பளபளப்பில்லாத மேட் வெள்ளை. மினுக்கமான பெயிண்ட் வேண்டாம், ஒரு கோணத்தில் வெயில் பட்டால் கண்ணாடிபோல மின்னும். முன்பக்கக் கைகளின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை வைத்தோம். ஓட்டுகிறவருக்கு ட்ரோனின் முகம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். கண்ணால் பார்த்தபடிதான் ஓட்ட வேண்டும் என்பது விதி. நமக்கே தெரியாத ட்ரோன் ஆபத்து.

விசிறி இறக்கைகளில் பெயிண்ட் அடிக்கவில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலும் நடுக்கம் வந்துவிடும். அடியில் உள்ள சென்சார்களையும், காற்றுப் போகும் துளைகளையும் பெயிண்ட் படாமல் இருக்க டேப் ஒட்டி மறைத்துக்கொண்டோம். மேல்மூடியின் கீழே ஜி.பி.எஸ். இருப்பதால் உலோகத்தூள் கலந்த வெள்ளி பெயிண்டை அங்கே தொடவே கூடாது.

எடை விஷயத்தில்தான் ஏமாந்தோம். பெயிண்ட் அடிக்கும் முன் 246 கிராம். இரண்டு கோட் காய்ந்தபின் 251. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, அதைத் தாண்டினால் மைக்ரோ வகை, கட்டுப்பாடுகளும் வேறு. ஒரு கிராமுக்காக உப்புத்தாள் வாங்கித் தேய்த்து, மறுபடி ஒரே ஒரு மெல்லிய கோட் அடித்தோம். 249இல் நின்றது. பெங்களூரில் இன்னொரு சங்கடம்: கெம்பேகவுடா விமான நிலையம், எச்.ஏ.எல்., எலகங்கா, ஜக்கூர் என்று எந்தத் திசையில் திரும்பினாலும் ஓர் ஓடுபாதை. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் மொட்டை மாடியிலிருந்துகூடப் பறக்கவிடாதீர்கள்.

வெள்ளை வயிறோடு மறுபடி ஏரிக்குப் போனோம். அங்கேதான் நான் கற்க வேண்டிய பாடம் மிச்சம் இருந்தது. 80 மீட்டர் உயரத்தில் எங்கள் கண்ணுக்கே ட்ரோன் மங்கலாகிவிட்டது, ஆரஞ்சுப் பட்டையை வைத்துத்தான் பிடித்துக்கொண்டோம். ஆனால் திட்டுக்கு மேலே நேராக இறக்கியதும் நீர்க்காகங்கள் பழையபடி கழுத்தை நீட்டி எழுந்து நின்றன. உடனே மேலே ஏற்றிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து தேடியபோது ஓர் ஆய்வு கிடைத்தது. 2015இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு. காட்டு வாத்து, பூநாரை, பச்சைக்காலி ஆகிய பறவைகளை நோக்கி 204 முறை ட்ரோனை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை, கருப்பு, நீலம் என்று மூன்று நிறங்கள். நிறம் மாறியதால் பறவைகள் நடந்துகொண்ட விதத்தில் வித்தியாசம் காணவில்லை. வேகமும் பெரிதாக எடுபடவில்லை. வித்தியாசம் காட்டியது ஒன்றே ஒன்று, ட்ரோன் எந்தக் கோணத்தில் வருகிறது என்பது. நேர் மேலிருந்து இறங்கினால் கலவரம். சாய்வாக வந்தால் அவ்வளவு இல்லை. மொத்தத்தில் 80 சதவீத முறை, பறவைகள் கலையாமல் 4 மீட்டர் வரைகூடப் போக முடிந்திருக்கிறது. 100 மீட்டருக்கு அப்பாலிருந்தே ட்ரோனைக் கிளப்புங்கள், தலைக்கு மேலே இறக்காதீர்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

பருந்து எப்படி வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். நேர் மேலிருந்து. நாங்கள் முதல் நாள் செய்ததும் அதேதான். நிறத்தைப் பற்றி ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்தக் குஞ்சுகளை நினைத்தபோது மனசு கனத்துப்போனது.

வெள்ளையை அழிக்கவில்லை. கரையில் நடக்க வருகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கூச்சல் போடாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் அவர்களிடமிருந்து ஒளிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பறக்கவிடும் முன்பே போய்ச் சொல்லிவிடுகிறோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா, "எங்க வீட்டையும் படம் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார். திரையை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னோம்.

போன ஞாயிறு, கிழக்குக் கரையில் 150 மீட்டர் தள்ளி நின்று கிளப்பி, தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தாழ்வாக, சாய்வாகக் கொண்டுபோனோம். திட்டின் ஓரத்தில் ஒரு கொக்கு தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. பின்வரிசையில் 43 கூடுகள். அத்தனையிலும் தாய்ப் பறவை உட்கார்ந்திருந்தது.

வணக்கம்.