தீயணைப்பு நிலையத்துக்கு மருத்துவக் கருவி வேண்டும்: கிராண்ட் எழுத எங்கே ஆரம்பிப்பது?

இந்த வாரம் வந்த கேள்விகளில் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அங்கே தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்திருக்கிறாராம். "நீ ஐடிக்காரன்தானே, உனக்கு இதெல்லாம் வரும்" என்று நிலையத்தின் தலைவர், அதாவது சீஃப், கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத நிதியுதவி) விண்ணப்பத்தை அவர் தலையில் கட்டிவிட்டார். வேண்டியது இரண்டு ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி), இதயத் துடிப்பு நின்றுவிட்டவருக்குத் தானாகவே நெஞ்சை அழுத்தும் சிபிஆர் மெஷின் ஒன்று, அப்புறம் சிலருக்கு இஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி. எந்த கிராண்டுக்குப் போடுவது, எப்படி எழுதினால் கிடைக்கும் என்று கேட்கிறார்.

தீயணைப்பு நிலையத்துக்கு எதற்கு மருத்துவக் கருவி என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவி கேட்டுத்தான் வருகின்றன, தீ விபத்து மிகவும் குறைவு. ஆனால் பல ஊர்களில் பட்ஜெட் மட்டும் இன்னும் வண்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும்தான்.

எந்த கிராண்ட் என்றால், முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா தரும் ஏஎஃப்ஜி, அதாவது தீயணைப்பு வீரர்களுக்கான உதவி நிதி. 2001-லிருந்து தருகிறார்கள். அதில் குறைந்தது 25 சதவீதம் தன்னார்வ நிலையங்களுக்கு, குறைந்தது 3.5 சதவீதம் அவசர மருத்துவ சேவைக்கு என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பங்காகவும் கொஞ்சம் போட வேண்டும். மக்கள்தொகை 20,000-க்குள் இருந்தால் 5 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை 10 சதவீதம், அதையும் தாண்டினால் 15. சின்ன ஊர் 40,000 டாலர் வாங்கினால் 2,000 டாலர் கையிலிருந்து போடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது எப்படி எழுதுவது. பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்: பொருளை எழுதாதீர்கள், நிமிடத்தை எழுதுங்கள். ஒருமுறை நண்பர் ஒருவர் தன் நிலையத்தின் விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். இரண்டு பக்கத்துக்கு மெஷினின் பேட்டரி, ப்ளூடூத், திரையின் அளவு. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் காரைப் பற்றியே பேசின மாதிரி. ஊரைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடுவது யார் தெரியுமா? மற்ற ஊர்களின் தீயணைப்பு வீரர்கள்தான். மெஷின் என்ன செய்யும் என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதனால் உங்கள் நிலையத்தின் அழைப்புப் பதிவுகளை எடுங்கள். உதாரணத்துக்கு ஒரு தாள் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: மதியம் 2:06-க்கு அழைப்பு, 2:15-க்கு உங்கள் ஆட்கள் இரண்டே பேர் போய்ச் சேருகிறார்கள் (வேலை நாள், மற்றவர்களெல்லாம் ஆபீஸில்), ஆம்புலன்ஸ் வருவது 2:33. சிபிஆர் என்றால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும், கை ஓய்ந்துவிடும் என்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். இரண்டு பேர், 18 நிமிடம். ஒருவர் அழுத்தும்போது மூச்சு கொடுப்பது, ஏஇடி பார்ப்பது, ரேடியோவில் பேசுவது எல்லாம் இன்னொருவர் தலையில். உங்களுக்கு அந்த மெஷின் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? இது மாதிரித் தாள்கள் வருடத்துக்கு எத்தனை என்று எண்ணிச் சேர்த்துவிட்டால் விண்ணப்பத்தில் பாதி முடிந்தது. பதிவே சரியாக இல்லை என்றால் முதல் வேலை அதுதான், நெரிஸ் என்ற புதிய தேசியப் பதிவு முறைக்கு எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும்.

உண்மையில் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. கிராண்ட் முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது? ஏஇடியின் ஒட்டும் பேட் சுமார் இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிடும், பேட்டரி அதற்குப் பிறகு சில வருடங்களில். இஎம்டி தேசியச் சான்றிதழை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு 40 மணி நேரம் தொடர்கல்வி. தன்னார்வலர் வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார். பயிற்சி கொடுத்த ஆள் அடுத்த வருடம் ஊரை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? இதற்கு சீஃபிடம் பதில் இல்லாமல் மெஷின் மட்டும் வாங்கினால் அது அலமாரியில்தான் இருக்கும். பதில் இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள், படிப்பவர் நம்புவார்.

பயிற்சிக்கு மட்டும் தனியாக வேண்டுமானால் கிராமப்புற அவசர மருத்துவ சேவைக்கென்று 2018-ல் வந்த சைரன் சட்டத்தின் கீழ் ஒரு கிராண்ட் இருக்கிறது, சாம்சா என்ற மனநலத்துக்கான அரசு அமைப்பு தருகிறது. ஏஇடி மாதிரி சின்னக் கருவிகளுக்கு ஃபயர்ஹவுஸ் சப்ஸ் அறக்கட்டளையையும் பாருங்கள், சாண்ட்விச் கடைக்காரர்கள் நடத்துவதுதான், அந்தப் படிவம் ஃபெமாவுடையதைவிட எவ்வளவோ எளிது.

ஒன்றை மறந்துவிட்டேன். ஃபெடரல் பணம், அதாவது மத்திய அரசின் பணம், எதுவானாலும் அதற்கான அரசுப் பதிவுத் தளமான சாம்.கவ்-இல் உங்கள் நிலையத்தின் பதிவு உயிரோடு இருக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். ஏஎஃப்ஜி விண்ணப்பக் காலம் சில வாரங்கள்தான், அறிவிப்பு வந்த பிறகு இதைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். இந்தப் பதிவு இலவசம். "நாங்கள் புதுப்பித்துத் தருகிறோம், இத்தனை டாலர்" என்று அரசாங்கக் கடிதம் மாதிரியே மெயில் வரும், சீஃப் பணம் கட்டுவதற்கு முன்னால் பிடித்துவிடுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.